எரிந்த முகங்களைச் சீராக்கிய டாக்டர்

1940-ம் ஆண்டு கோடைக்காலம். ஜெர்மன் விமானங்கள் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்தின் மீது பறந்து வந்தன. அவற்றை விரட்ட இங்கிலாந்தின் சிறிய சண்டை விமானங்கள் கிளம்பின. ஒரு விமானத்துக்கு ஒரே ஆள். அவர்களில் பலருக்கு வயது இருபதுதான் இருக்கும்.

இந்த விமானங்களில் ஓர் ஆபத்து இருந்தது. பெட்ரோல் டாங்கி விமானிக்கு முன்னாலேயே இருந்தது. அதில் குண்டு பாய்ந்தால் தீ நேராக அவர் முகத்தில் அடிக்கும். சில விநாடிகளுக்குள் மேல்மூடியைத் திறந்து பாராசூட்டோடு குதித்துவிட வேண்டும். கையுறை போட்டால் விசைகள் பிடிபடவில்லை என்று அதைக் கழற்றி வைத்தவர்களும் உண்டு. குதித்தவர்கள் உயிர் பிழைத்தார்கள். ஆனால் முகமும் கைகளும் கருகிப்போயின.

இப்படிக் கருகிய வாலிபர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரு சிறு ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். லண்டனுக்குத் தெற்கே சுமார் 30 மைல் தூரத்தில் உள்ள ஈஸ்ட் கிரின்ஸ்டெட் என்ற ஊர் அது. அங்கே குவீன் விக்டோரியா ஆஸ்பத்திரியில் ஒரு மரக் கொட்டகை. அதுதான் 3-வது வார்டு. அங்கே அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் ஆர்ச்சிபால்டு மக்கிண்டோ.

வேலை தேடி வந்தவர்

மக்கிண்டோ இங்கிலாந்தில் பிறந்தவர் அல்ல. 1900-ம் ஆண்டு மே 4-ந் தேதி நியூசிலாந்து நாட்டில் டுனெடின் நகரில் பிறந்தார். தந்தை அச்சுத் தொழில் செய்தவர். தாயார் ஓவியம் வரைபவர். டாக்டருக்குப் படித்து முடித்ததும் அமெரிக்கா சென்று, புகழ் பெற்ற மேயோ ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார்.

பிறகு 1930-ல் லண்டனுக்கு வந்தார். வேலை கிடைக்கும் என்று நம்பி வந்தவருக்கு வேலை இல்லை. அப்போது கை கொடுத்தவர் உறவினரான டாக்டர் ஹெரால்டு கில்லீஸ். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்குச் சிகிச்சை செய்து பெயர் வாங்கியவர் அவர். மக்கிண்டோ அவரிடம் ஒட்டுத் தோல் ஆபரேஷனைக் கற்றுக்கொண்டார். 1939-ல் போர் மூண்டபோது, இந்த வித்தையில் தேர்ந்தவர்கள் இங்கிலாந்து முழுவதிலும் நாலே பேர்தான் இருந்தார்கள். அவர்களில் இவரும் ஒருவர்.

விமானப் படைக்கு இவர் ஆலோசகர். ஆனால் பட்டாளத்துப் பதவியை ஏற்கவில்லை. பதவியை ஏற்றால் மேலதிகாரிக்கு சலாம் போட வேண்டும். சலாம் போட்டால் அவரோடு வாதாட முடியாதே!

ஆவாரம்பட்டையும் தீப்புண்ணும்

வாதாட வேண்டிய விஷயம் சீக்கிரமே வந்தது. அந்தக் காலத்தில் பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் தீப்புண்ணுக்கு டானிக் அமிலம் பூசினார்கள். தோல் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்துகிறார்கள் அல்லவா? அந்தப் பட்டையின் துவர்ப்புச் சத்தும் இந்த அமிலமும் ஒரே இனம். புண்ணின் மேல் பூசினால் மாட்டுத் தோல் போலக் கெட்டியாகப் பொருக்குக் கட்டிவிடும். புண் மூடிவிட்டது என்று டாக்டர்கள் திருப்தி அடைந்தார்கள்.

முகத்திலும் கையிலும் அதுவே வினையாக முடிந்தது. பொருக்கு இறுகும்போது விரல்கள் மடங்கி, பறவையின் நகம் போல ஆகிவிடும். இமைகள் சுருங்கிவிடும். பொருக்குக்கு அடியில் சீழ் பிடிக்கும். அதை உரித்து எடுக்கும் வேதனை சொல்ல முடியாதது.

மக்கிண்டோ ஒன்றைக் கவனித்தார். தரையில் விழுந்த விமானிகளைவிடக் கடலில் விழுந்தவர்களின் புண்கள் நன்றாக ஆறின. உப்புத் தண்ணீரில் கிடந்ததுதான் காரணம் என்று கண்டார். உடனே வார்டில் தொட்டிகள் வைத்தார். வெதுவெதுப்பான நீரில் அளவாக உப்புக் கலந்து, நோயாளியை அதில் படுக்க வைத்தார். கட்டுத்துணி தானாக மிதந்து பிரிந்தது. விரல்களைத் தண்ணீருக்குள் அசைக்க முடிந்தது. புண்ணில் ஒட்டாமல் இருக்க வாசலின் தோய்த்த வலைத்துணியால் கட்டினார். முகத்துக்கும் கைக்கும் டானிக் அமிலம் கூடாது என்று அதிகாரிகளோடு மல்லுக்கு நின்று, அதை நிறுத்த வைத்தார்.

எது முதலில்?

ஒரே சமயத்தில் பலர் வந்து கிடக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் மூக்கு, உதடு, கை எல்லாமே போயிருக்கின்றன. எதை முதலில் பார்ப்பது? தீப்பட்ட உடம்பிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் ஊசி வழியாகத் திரவம் ஏற்றி உயிரைக் காக்க வேண்டும். அடுத்தது மூக்கு அல்ல, கண் இமை. இமை இல்லாவிட்டால் கண்ணை மூட முடியாது. கண் உலர்ந்து பார்வை போய்விடும். புஜத்தின் உட்பக்கத்து மெல்லிய தோலை எடுத்து இமையாக வைத்துத் தைத்தார் மக்கிண்டோ. மூக்கும் உதடும் காத்திருக்கலாம், கண் காத்திருக்காது.

ரிச்சர்டு ஹில்லரி என்ற விமானி 1940-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி எரிந்தபடி கடலில் விழுந்தார். உயிர்காக்கும் படகு ஒன்று அவரை மீட்டது. வேறோர் ஆஸ்பத்திரியில் அவர் கைகளுக்கு டானிக் அமிலம் பூசிவிட்டார்கள். பிறகு மக்கிண்டோதான் அவருக்குப் புது இமைகள் வைத்தார். ஹில்லரி தன் அனுபவத்தை 1942-ல் புத்தகமாக வெளியிட்டுப் புகழ் பெற்றார். பிடிவாதமாக மறுபடியும் விமானம் ஓட்டப் போய், 1943 ஜனவரியில் விபத்தில் மாண்டார்.

மூக்கு வைப்பது நீண்ட வேலை. உடம்பில் ஓரிடத்துத் தோலை முழுவதும் வெட்டாமல், குழாய் போலச் சுருட்டித் தைத்து, அதன் ஒரு முனையை முகத்தில் ஒட்டுவார்கள். அங்கே ரத்த ஓட்டம் பிடித்த பிறகுதான் மறு முனையை அறுக்கலாம். அதுவரை பல வாரங்கள் அந்த வாலிபர் யானைத் துதிக்கை போன்ற ஒன்றோடு நடமாட வேண்டும்! இருபது முப்பது ஆபரேஷன் செய்துகொண்டவர்களும் உண்டு.

ஊரே வைத்தியம் பார்த்தது

இந்தக் கோலத்தில் வெளியே போனால் ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்தப் பார்வை தீயைவிடக் கொடுமை என்பதை மக்கிண்டோ அறிந்திருந்தார். ஆகவே ஊர் மக்களைச் சந்தித்துப் பேசினார். இவர்களைக் கண்டால் வெறித்துப் பார்க்காதீர்கள், வீட்டுக்குக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். ஊர் மக்கள் அப்படியே செய்தார்கள். கடைத்தெருவிலும் சினிமாக் கொட்டகையிலும் அந்த வாலிபர்கள் சகஜமாக நடமாடினார்கள். முறைத்துப் பார்க்காத ஊர் என்று அந்த ஊருக்கே பெயர் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியின் நீல உடுப்பை அவர் ஒழித்தார். விமானப் படைச் சீருடையோடு இருக்கச் சொன்னார். வார்டிலேயே பீர் பீப்பாய் இருந்தது. கண்டிப்பான நர்சுகள் முகம் சுளித்தார்கள். மக்கிண்டோ சட்டை செய்யவில்லை. கோபக்காரர், பிடிவாதக்காரர் என்று அவருக்குப் பெயர் உண்டு. அந்தப் பிடிவாதம் நோயாளிகளுக்கு நல்லதாகப் போயிற்று.

1941-ல் நோயாளிகள் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சோதனைக்குப் பயன்படும் கினிப் பன்றியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். பணத்தோடு ஓடிவிடக் கூடாது என்று கால் எரிந்தவரைப் பொருளாளர் ஆக்கினார்கள். நிறைய எழுதிவிடக் கூடாது என்று கை எரிந்தவரைச் செயலாளர் ஆக்கினார்கள்! சண்டை முடிந்தபோது அதில் 649 பேர் இருந்தார்கள். தலைவர் மக்கிண்டோதான்.

1947-ல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. 1960-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு நாள் இரவு தூக்கத்திலேயே காலமானார். வயது 59. அவருடைய அஸ்தி லண்டனில் விமானப் படையினரின் தேவாலயத்தில் வைக்கப்பட்டது.

ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் 2014-ல் அவருக்குச் சிலை திறந்தார்கள். முகமும் கையும் எரிந்த விமானி ஒருவர் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார். மக்கிண்டோ பின்னால் நின்று அவர் தோளில் இரண்டு கைகளையும் வைத்திருக்கிறார். சிலையைச் செய்தவர் மார்ட்டின் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி. 1944-ல் போரில் காயம் அடைந்து, மக்கிண்டோவிடம் சிகிச்சை பெற்ற ஒரு டாங்கிப் படை வீரரின் மகன் அவர்.