கம்பியில் பாடிய வான் ஷிப்லி

மொழியறியாதார்க்கும் இன்பம் பயப்பது இசை. இவ்வுண்மையைத் திரைப்பாட்டுகளைக் கொண்டே விளக்கிக் காட்டியவர் வான் ஷிப்லி என்பார். மின்கிட்டாரை இந்திய நாட்டில் பரவச் செய்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

ஷிப்லி 1927-ஆம் ஆண்டு லக்னோ நகரில் மெதடிஸ்டு கிறிஸ்தவக் குடும்பமொன்றிற் பிறந்தார். மேனாட்டு இசையோடு இந்துஸ்தானி இசையையும் முறையாகப் பயின்றார். வயலின், கிட்டார் என்னும் இரண்டிலும் வல்லவரானார். லக்னோ வானொலி நிலையத்தில் வாசித்துப் பழகியபின், பூனாவிற்கும், அதன்பின் பம்பாய்க்கும் சென்று திரையிசைக் குழுக்களிற் சேர்ந்தார்.

அவர் கைக்கொண்ட கருவியின் இயல்பை ஈண்டு அறிதல் நலம். சாதாரணக் கிட்டாரில் மீட்டிய ஒலி விரைவில் மாய்ந்துவிடும். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றிய மின்கிட்டாரிலோ, கம்பியினடியில் அமைந்த காந்தம் அதன் அதிர்வை மின்னோட்டமாக்க, ஒலிபெருக்கி அதனை நெடிதொலிக்கச் செய்கின்றது. ஹவாய் முறையில் விரலால் அழுத்தாது எஃகுக் கோலொன்றைக் கம்பிமேல் வழுக்குவர். ஆதலின் ஒரு சுரத்தினின்று மற்றொன்றிற்கு இடையறாது இழைந்து செல்லலாம். நம் நாட்டுப் பண்களுக்கு உயிரான கமகம் இவ்வாறன்றோ பிறக்கின்றது? ஷிப்லி இதனை நன்குணர்ந்து, எட்டுக் கம்பிகளுடைய கிட்டாரொன்றைத் தாமே வகுத்துக்கொண்டார்.

அக்காலத்துத் திரைப்படங்களில் வாத்தியக்காரரின் பெயர் பொதுவாகத் திரையில் தோன்றுவதில்லை. பாடியவர் புகழ் பெறுவர். உடன் வாசித்தவர் மறைந்து நிற்பர். ஷிப்லியோ பாட்டின் மெட்டை மட்டும் தனித்து வாசித்து, எச். எம். வி. இசைத்தட்டுகளில் தம் பெயரைப் பொறிக்கச் செய்தார். பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிஷமே ஓடும் தட்டு அது. பாடகர் மூச்செடுக்கும் இடமும், குரல் நடுங்கும் இடமும் அதனுள் அடங்கவேண்டும். அக்கார்டியன் வல்லுநர் ஏனக் டானியல்ஸ் அவருக்கு உற்ற துணையாயினார்.

திரைமெட்டு எளிய சரக்கென்றும், அதனை மீண்டும் வாசித்தல் வெறும் நகலென்றும் கற்றோர் சிலர் இகழ்வர். அவர்க்கு நாம் ஒன்று சொல்வோம். 1950-களில் இலங்கை வானொலியின் இந்தி இசை கடல் கடந்து நம் குமரிமுனைக் கரைக்கும் எட்டியது. இந்திச் சொல் ஒன்றும் அறியாத நாஞ்சில் நாட்டார்க்குப் பாடகரின் பாட்டிற் பாதி பொருளற்ற ஒலியே. கிட்டாரில் வந்த பாட்டிலோ அவர்க்கு விளங்காத பகுதி யாதுமில்லை. லக்னோவினர் கேட்டதனைத்தும் அவரும் கேட்டனர். சொல்லை நீக்கியதனால் அப்பாட்டுக் குறைந்ததோ, வளர்ந்ததோ? வளர்ந்தது என்பதே நம் துணிபு.

2008-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஷிப்லி மும்பையில் காலமானார். கல்லூரி விழாக்களில் கிட்டாரேந்தும் நம் தோழர் வேகத்தையே பெரிதென எண்ணாது, ஒரு மெட்டை மனிதக் குரல்போல் நிறுத்திப் பாடவைக்கும் பொறுமையை அவரிடங் கற்பாராக.