அவாவுக்கு எல்லை உண்டு, அருளுக்கு இல்லை

இராயபுரத்திலிருந்து காசிமேடு வழியாக வடக்கே திருவொற்றியூர் செல்லும் சாலையில் இன்று கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் ஓயாமல் ஓடுகின்றன. ஒருபுறம் மீன்பிடித் துறைமுகமும் ஏலக்கூடமும். மறுபுறம் பட்டறைகளும் நெருங்கிய குடியிருப்புகளும். ஏறத்தாழ நூற்றுத்தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன், இக்கடற்கரைப் பகுதி குப்பங்களும் தோப்புகளுமாய் இருந்த காலத்தில், ஏழுகிணற்றுப் பகுதியிலிருந்து புறப்பட்ட பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோயிலுக்கு நடந்துசென்று வழிபடத் தொடங்கினான். போக 8 கிலோமீட்டர், வர 8 கிலோமீட்டர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த நடை நிற்கவில்லை. அச்சிறுவனே பிற்காலத்தில் வள்ளலார் என்று தமிழுலகம் போற்றும் இராமலிங்க அடிகள்.

சமண விழா மலரில் வள்ளலார் வரலாறு எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். அவர் நம் சமயத்தவர் அல்லர். அவருடைய கடவுட் கொள்கையும் நம் கொள்கை அன்று. எனினும் கொல்லாமையையும் புலால் மறுத்தலையும் கடந்த இரு நூற்றாண்டுத் தமிழகத்தில் அவரைப்போல் உரக்க எடுத்துரைத்தவர் மிகச் சிலரே. அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. நம் சமயம் எல்லை வகுக்கும் சமயம். திசைவிரதம் பூண்டு நடமாட்டத்துக்கு எல்லை வகுக்கிறோம். மிகுபொருள் விரும்பாமையால் உடைமைக்கு எல்லை வகுக்கிறோம். பொழுது சாயுமுன் உண்டு நாவுக்கும் எல்லை வகுக்கிறோம். இவையெல்லாம் அவாவைச் சுருக்க எழுந்த வேலிகள். ஆனால் நாம் அறியாமலே வேறு சில வேலிகளையும் நமக்கு நாமே இட்டுக்கொள்கிறோம். கூச்சம், அச்சம், பழக்கம், நம்மவர் அயலார் என்னும் பிரிவு ஆகியவை அவை. முன்னவை நம்மை உயர்த்துவன. பின்னவை நம்மைக் குறுக்குவன. இவ்விரண்டையும் பகுத்தறிந்து, முன்னதைக் காத்துப் பின்னதைக் கடந்த ஒருவரின் வாழ்க்கையே இது.

1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாம் மகவாய் இராமலிங்கம் பிறந்தார். தந்தையார் ஊர்க் கணக்கர். குழந்தை தவழும் பருவத்திலேயே அவர் மறைந்தார். தாயார் மக்களோடு பொன்னேரியை அடுத்த தம் பிறந்தகமாகிய சின்னக்காவணத்துக்குச் சென்று, பின்னர்ச் சென்னைக்கு வந்தார். மூத்த தமையனார் சபாபதி பிள்ளை புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைத் தாங்கினார். தம்பியையும் கற்றவனாக்க வேண்டுமென்று அவர் விரும்பியது இயல்பே. தம்பியோ பாடம் கேட்க மனமின்றிக் கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். சினந்த தமையனார் வீட்டில் சோறிடலாகாது என்று கட்டளையிட்டார். அண்ணியார் பாப்பாத்தியம்மையார் கணவர் அறியாமல் அழைத்து உணவிட்டார். இளமையில் பசியையும், விதியை மீறி நீண்ட ஒரு கையின் கனிவையும் ஒருங்கே அறிந்தவர் வள்ளலார் என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவர் இயல்பாகவே கூச்சம் மிக்கவர். உரக்கப் பேசவும், உயர்ந்த இருக்கையில் அமரவும், கைவீசி நடக்கவும் நாணியதைத் தம் பாடல்களில் அவரே ஒளிக்காமல் கூறியுள்ளார். மேனியை வெள்ளாடையால் போர்த்துத் தலையையும் மூடியவராய் ஒதுங்கி நடந்தவர். இத்தகையவர் அவைமுன் வந்தது தாமாக நாடி வந்ததன்று. ஒருநாள் தமையனார்க்கு உடல்நலம் குன்றவே, சோமு செட்டியார் இல்லத்தில் நடைபெற்றுவந்த பெரியபுராணச் சொற்பொழிவுக்கு அவர் செல்ல இயலவில்லை. வந்தோரிடம் நிலைமையைக் கூறி, சில பாடல்களை மட்டும் படித்துவிட்டு வருமாறு தம்பியை அனுப்பினார். அப்போது தம்பிக்கு வயது ஒன்பது என்பர். சென்றவர் திருஞானசம்பந்தர் வரலாற்றில் ஒரு பாடலை எடுத்து இரவு நெடுநேரம் பொருள் விரித்தார். அவை அசையாமல் கேட்டது. அன்று தொட்டு அவ்வீட்டார் அவரையே தொடர்ந்து சொல்ல வேண்டினர். கூச்சம் அவரை விட்டு நீங்கியது என்று சொல்வதற்கில்லை. கடமை வந்தபோது அது வழிவிட்டு நின்றது என்பதே பொருந்தும்.

திருவொற்றியூர் நடையைப் பற்றி அன்பர்கள் போற்றும் செய்தி ஒன்று உண்டு. ஓரிரவு வழிபாடு முடிந்து அவர் திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. உறங்குவோரை எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்தார். அண்ணியார் வந்து எழுப்பிச் சோறிட்டார். சிறிது நேரம் கழித்து அண்ணியார் மீண்டும் வந்து உண்ண அழைத்தபோதுதான் முதலில் வந்தவர் வடிவுடையம்மையே என்று தெளிந்ததாக அடியார்கள் நம்புகின்றனர். நம்பிக்கை அவரவர்க்கு உரியது. ஆனால் ஒன்று உறுதி: பட்டினியாய்த் திண்ணையில் கிடப்பவன் நிலையை அவர் நூலிற் படித்து அறியவில்லை.

1850ஆம் ஆண்டில் தமக்கை மகள் தனகோட்டியை மணந்தார். எனினும் இல்லறத்தில் மனம் ஒன்றவில்லை. 1851இல் ஒழிவிலொடுக்கம் என்னும் நூலைப் பதிப்பித்தார். 1854இல் அவர் எழுதிய மனுமுறை கண்ட வாசகம் வெளிவந்தது. கன்றை இழந்த பசுவுக்கு முறைசெய்த சோழன் கதையே அது. மகன் செய்த பிழைக்குக் காரணம் தன்பால் உள்ள எந்தக் குற்றமோ என்று அம்மன்னன் தன்னையே ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொள்ளும் பகுதி, நாம் பிரதிக்கிரமணத்தில் நம் பிழைகளை எண்ணி வருந்தும் முறையை நினைவூட்டும். ஒரு விலங்கின் துயருக்கு அரசன் விடையளிக்கக் கடமைப்பட்டவன் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் அப்போதே வேரூன்றியிருந்தது.

1858ஆம் ஆண்டில் சென்னையை விட்டு நீங்கினார். தலங்கள் பலவற்றைக் கண்டு, வடலூரை அடுத்த கருங்குழியில் வேங்கட ரெட்டியார் இல்லத்தில் தங்கினார். சென்னை அன்பர்களோ அவர் பாடல்களை அச்சிட விழைந்தனர், அவர் இசையவில்லை. இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர், பாடல்கள் தம் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென்று உறுதி பூண்டார். தம் பொருட்டு ஒருவர் பசித்திருப்பதை வள்ளலார் பொறுப்பாரா? இசைந்தார். ஆனால் நூலில் தம் பெயரோடு சாமி என்னும் பட்டம் சேர்ப்பது ஆரவாரமாகும், வேண்டா என்று எழுதினார். திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் 1867இல் வெளிவந்தன. தம்மை மறைத்துக்கொள்வது பணிவு. தம்மிடம் உள்ள நன்மையையும் சேர்த்து மறைத்துக்கொள்வது பிறர்க்கு இழப்பு. இவ்வேறுபாட்டை ஒருவேளை உணவு நோன்பால் ஓர் அன்பர் அவருக்கு உணர்த்தினார் என்றே நான் கருதுகிறேன்.

1865இல் சன்மார்க்க சங்கம் தோன்றியது. வடலூர்ப் பகுதி மக்கள் 80 காணி நிலம் அளித்தனர். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் அங்கே சத்திய தருமச்சாலை தொடங்கிற்று. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பத்தாண்டுகளுக்குள் தாது வருடப் பஞ்சம் தென்னகத்தை வாட்டியது. 1876 முதல் 1878 வரை இலட்சக்கணக்கானோர் மாண்டனர். பஞ்சம் வந்தபின் மூட்டிய அடுப்பன்று அது; பஞ்சத்துக்கு முன்பே மூண்டு காத்திருந்த அடுப்பு. தலைமை என்பது இதுவே.

இங்கேதான் அவர் கடந்த கடினமான எல்லையைக் காண்கிறோம். கொலையும் புலாலும் அவர் அறவே வெறுத்தவை. பின்னர் 1872 சனவரி 25ஆம் நாள் வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபையினுள் அவற்றைத் தவிர்த்தோரே புகலாம் என்று விதித்தார். மற்றையோர் புறத்தே நின்று வழிபட வேண்டும். இந்த வேலியை அவர் ஒருநாளும் தளர்த்தவில்லை. ஆயினும் தருமச்சாலையின் வாயிலில் அவ்வேலி இல்லை. பசித்து வந்தவன் எந்நாட்டான், எச்சாதியான், எச்சமயத்தான், எவ்வொழுக்கத்தான் என்று கேளாமல் சோறிடுவதே சீவகாருணியம் என்று வகுத்தார். புலால் உண்பவனின் பசியும் பசியே. தம் தூய்மைக்கு எல்லை, தம் இரக்கத்துக்கு எல்லையின்மை என்னும் இரண்டையும் ஒருங்கே காத்ததுதான் அவர் அருமை. நம் ஆசான்கள் வகுத்த நால்வகைத் தானத்துள் ஆகார தானம் முதலிடம் பெறுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

ஞானசபையின் அமைப்பும் நமக்குப் புதியதன்று. ஒளியை ஏழு வண்ணத் திரைகள் மறைத்திருக்கும். தைப்பூசத்தன்று அவை ஒவ்வொன்றாக விலக்கப்படும். ஒளி புதிதாக ஏற்றப்படுவதில்லை, மறைப்பே விலகுகிறது. ஆன்மாவின் இயல்பு அனந்த ஞானம் என்றும், அதனை மறைப்பது ஞானாவரணீய வினை என்றும் கற்ற நமக்கு இக்காட்சியின் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

இறுதியாக அவர் கடந்த எல்லை அவருடைய சொந்தச் சமயப் பற்று. 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றிப் பேசியபோது, தமக்கு முன்னாளில் சைவத்தின்மேல் அளவற்ற பற்று இருந்தது என்பதையும், தம் பழைய பாடல்களே அதற்குச் சான்று என்பதையும், அப்பற்றைத் தாம் விட்டுவிட்டதையும் அவையோர்முன் ஒப்புக்கொண்டார். ஐம்பது வயதில், பாடிப் புகழ்பெற்ற பின், தம் முந்தைய நிலை முடிந்த நிலை அன்று என்று சொல்ல எத்துணை நெஞ்சுரம் வேண்டும்! ஒரு பொருளை ஒரு கோணத்தில் மட்டும் கண்டு அமைதல் ஆகாது என்னும் அனேகாந்த நெறியை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர். 1874 சனவரி 30ஆம் நாள் இரவு அவ்வூர்ச் சித்திவளாகத்தில் ஓர் அறைக்குள் புகுந்து தாழிடச் செய்தார். அதன்பின் அவரை எவரும் காணவில்லை. அவர் ஒளியுடம்பு பெற்றார் என்பது சன்மார்க்க அன்பர்களின் கொள்கை.

என்னைப் பற்றி ஒரு சொல் கூறி முடிக்கிறேன். காசிமேட்டுப் பகுதியில் பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றினேன். மாணவர் பெரும்பாலோர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள். எந்தப் பிள்ளையையும் நான் கடிந்து ஒதுக்கியதில்லை. ஆனால் என் தூக்குச் சட்டியை மட்டும் எவர் கையும் படாமல் பேணினேன். அதை நோன்பின் பகுதி என்றே எண்ணியிருந்தேன். புயல் எச்சரிக்கையால் படகுகள் பல நாள் கரையிலேயே நின்ற ஒரு கார்த்திகை மாதத்தில், பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் என் பாடவேளையில் மயங்கி விழுந்தான். முந்தைய இரவும் அவன் உண்டிருக்கவில்லை. என் மேசைமேல் தயிர்ச்சோறு இருந்தது. நானோ கடைக்கு ஆளனுப்பி ரொட்டி வாங்கிவரச் செய்தேன். அது வரக் கால்மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால்மணி நேரம் முழுவதும் அவன் அச்சட்டியைப் பாராமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் புலால் உண்ணாதது என் விரதம். அவனுக்குச் சோறிடாதது எவ்விரதத்திலும் இல்லை. அது நானே கட்டிக்கொண்ட வேலி. மறுநாள் முதல் என் மனைவியார் இரண்டு சட்டிகள் கட்டித் தந்தார். ஓய்வு பெறும் நாள்வரை இரண்டாம் சட்டி நிறைந்தபடி வீடு திரும்பியதே இல்லை.

விரதம் பூணும் இவ்விழா நாளில் நாம் ஒவ்வொருவரும் நம் வேலிகளை எண்ணிப் பார்ப்போமாக. அவாவைத் தடுப்பவற்றை உறுதிப்படுத்துவோம். அருளைத் தடுப்பவற்றை நம் கையாலேயே பிடுங்கி எறிவோம்.