கையொப்பம் வாங்கிப் புத்தகம் போட்ட நம் தமிழய்யா

காவிரிக்கரையில் நாம் படித்த கும்பகோணம் அரசு கல்லூரியில், நமக்கெல்லாம் வெகுகாலம் முன்னாலே தமிழ் சொல்லிக் கொடுத்தவர் உ.வே. சாமிநாதய்யர். தமிழ்த் தாத்தா என்று உலகமே கொண்டாடும் அவர், சொந்தமாகப் புத்தகம் போட்டுக் கஷ்டப்பட்ட கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1855-ல் பிறந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880 பிப்ரவரியில் தியாகராச செட்டியாரின் இடத்தில் நம் கல்லூரிக்கு வந்தார். சம்பளம் மாதம் 50 ரூபாய். அதே ஆண்டு அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டார். அய்யர் வாழ்க்கையே அங்கே திரும்பியது.

ஏடுகளைத் தேடி ஒப்பிட்டுப் பார்க்கவே வருஷங்கள் ஓடின. அடுத்த கவலை பணம். பதிப்புத் துறையில் பேர் பெற்ற சி.வை. தாமோதரம் பிள்ளை, தாமே வெளியிடுவதாகச் சொல்லிச் சிந்தாமணியைக் கேட்டார். கொடுத்திருந்தால் செலவும் தொல்லையும் மிச்சம். அய்யர் மனசு தடுமாறத்தான் செய்தது. ஆனாலும், உழைத்த நூலைத் தாமே கொண்டுவருவது என்று துணிந்தார்.

அக்காலத்து வழி கையொப்பம். புத்தகம் வருமுன்பே, இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள். அதற்காக அய்யர் வீடு வீடாக ஏறி இறங்கினார். கையொப்பம் வேறே, கைக்கு வரும் காசு வேறே அல்லவா? காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் புத்தகம் விற்கும்வரை காத்திருக்க முடியாது. வேலை கும்பகோணத்தில், அச்சகம் சென்னையில். லீவு விட்டால் ரயிலேறிப் போய்ப் புரூப் பார்க்க வேண்டும்.

1887-ல் சிந்தாமணி வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1907-ல்தான்; நடுவே இருபது வருஷம்! காசு பார்க்கிற தொழில் இது இல்லை என்று அந்தக் கணக்கே சொல்லும். அவரோ அதற்குள் பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) என்று அடுத்தடுத்துப் போட்டுவிட்டார். ஒரு புத்தகம் தந்த பேரும் நம்பிக்கையும்தான் அடுத்ததற்கு முதல்.

1903-ல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகிப் போனார். 1906-ல் மகாமகோபாத்தியாயர் பட்டம், 1932-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் என்று பெருமைகள் பின்னாலே வந்தன. 1942 ஏப்ரல் 28-ல் மறையும்வரை ஏடும் கையுமாகவே இருந்தார்.

நம் நண்பர்களிலும் சேமிப்பைப் போட்டுக் கவிதை, கதை என்று புத்தகம் கொண்டுவருபவர்கள் உண்டு. அவர்களைச் சந்தித்தால் இலவசப் பிரதி கேட்காதீர்கள். விலை கொடுத்து ஒன்று வாங்குங்கள். நம் தமிழய்யாவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.