பட்டு நெசவாளர் ஜக்கார்டு சரித்திரம்

நம் குலத்தார் வாழும் தெருவில், பட்டுத்தறி உள்ள வீட்டுச் சிறுவன் ஒருவனை அழைத்துத் தறியின்மேல் ஏற்றி வைத்திருக்கும் பெட்டி யாது என்று வினவினால், ஜக்கார்டு பெட்டி என்று உடனே விடை கூறுவான். அச்சு, விழுது, நாடா என்பன போல அதுவும் ஒரு கருவியின் பெயர் என்றே பெரியோரும் எண்ணி வருகின்றனர். அஃது ஒரு மனிதர் பெயர். நம்மைப் போலவே நெசவுக் குடும்பத்திற் பிறந்து, தந்தை தேடிய பொருளையும் பெற்ற மகனையும் இழந்து, சொந்த ஊரின் நெசவாளரால் வெறுக்கப்பட்டு, பின்னர் அவ்வூரிலேயே சிலை நாட்டப்பெற்றவர் அவர். அவர் சரித்திரத்தை நம் அன்பர்களுக்குக் கூற யாம் நெடுநாளாக எண்ணியிருந்தோம்.

பிரான்சு தேசத்தில் ரோன், சோன் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் லியோன் என்னும் நகரம் உள்ளது. முதலாம் பிரான்சுவா அரசர் 1536ஆம் ஆண்டில் அந்நகரத்தார்க்குப் பட்டு நெய்யும் உரிமை அளித்தார். அதன்பின் இருநூறாண்டுகளில் ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றிற்கு ஆடையும் திரையும் சுவர்ப்பட்டும் அனுப்பும் ஊராக அது வளர்ந்தது. அவ்வூரார் சிறந்து விளங்கியது சரிகைப் பூம்பட்டு நெய்வதில். பட்டு நிலத்தின்மேல் பொன், வெள்ளிச் சரிகையாலும் பன்னிறப் பட்டிழையாலும் பூவும் கொடியும் புள்ளும் எழ நெய்வது அது. வரைவதும் அன்று, ஊசியால் தைப்பதும் அன்று, தறியிலேயே பிறப்பது. நம் முந்தானை வேலையை அறிந்தவர்க்கு இதற்கு மேல் விரித்துரைத்தல் வேண்டுவதில்லை.

அக்காலத்தில் அவ்வேலையை ஒருவர் தனியே செய்ய இயலாது. பாவின் இழைகள் நூற்றுக்கணக்கான கயிறுகளோடு பிணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு ஊடைக்கும் எந்தக் கயிறுகளை இழுத்தால் பூவின் அந்த வரி எழுமோ அந்தக் கயிறுகளை ஒருவர் தறியின் பக்கத்தே நின்று இழுத்துப் பிடித்தல் வேண்டும். நெய்பவர் அந்த நொடியில் நாடாவை ஓட்டுவார். கயிறு இழுப்போர் பெரும்பாலும் ஏழைச் சிறுவரும் இளம்பெண்களுமே. விடியலில் தொடங்கி இருட்டும்வரை பாரமான கயிறுகளைப் பற்றி நின்று, கை ஓய்ந்து, முதுகு வளைந்து, வளரும் பருவத்திலேயே உடல் கோணிப் போனவர் பலர். நாள் முழுதும் இருவர் உழைத்தும், நுட்பமான வேலையாயின் சில விரற்கடை நீளமே நெய்ய இயலும். அரசியரின் ஆடையில் மின்னிய பொற்பூக்களுக்குப் பின்னே அந்தப் பிள்ளைகளின் முதுகு இருந்தது.

இத்தகைய தறிகளுக்கு நடுவே 1752ஆம் ஆண்டு ஜூலை மாதம் 7ஆம் தேதி ஜோசப் மரி ஜக்கார்டு பிறந்தார். தந்தையார் சரிகைப் பட்டு நெய்வதில் தேர்ந்த தொழில் தலைவர். ஒன்பது மக்களுள் வளர்ந்து ஆளானவர் இவரும் ஒரு தமக்கையாரும் மட்டுமே. இக்குடும்பத்தின் உண்மைப் பெயர் சார்ல் என்பது. கூசோன் என்னும் அவர்களது சிற்றூரில் அப்பெயருடைய கிளைகள் பல இருந்தமையின், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறிய ஊரார் ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்தனர். இவர் கிளைக்கு வாய்த்தது ஜக்கார்டு. நம்மவரும் வகையறாப் பெயரும் வீட்டுப்பெயரும் வைத்துத்தானே உறவு கூறுகின்றோம்! ஒரு சிற்றூரின் பட்டப்பெயர் கடல் கடந்து காஞ்சிபுரத்துத் தறிமேல் வந்து ஏறியது வியப்பன்றோ?

பள்ளிக்கூடம் சென்று கற்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. தமக்கையாரின் கணவர் புத்தக வியாபாரமும் அச்சுத்தொழிலும் நடத்திய படிப்பாளி. அவரே பதின்மூன்றாம் வயதில் இவருக்கு எழுத்தறிவித்தார். பத்து வயதில் தாயையும் இருபது வயதில் தந்தையையும் இழந்தார். வீடு, தறிகள், ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு கற்சுரங்கம் ஆகியவை அவர் கைக்கு வந்தன. அவற்றைக் காக்கும் திறம் அவரிடத்தில் இல்லை. 1778இல் கிளாதின் என்னும் கைம்பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். கடன் பெருகிச் சொத்து யாவும் கைவிட்டுப் போயிற்று. அவர் வெளியூரில் சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்கு உழைத்தார் என்றும், மனைவியார் லியோனில் வைக்கோல் தொப்பி பின்னி மகனைக் காத்தார் என்றும் கூறுவர்.

பிரெஞ்சுப் புரட்சி எழுந்தபின், 1793இல் புரட்சி அரசின் படை லியோனை முற்றுகையிட்டது. ஜக்கார்டு தம் மகனோடு ஊரைக் காப்பவர் பக்கம் நின்று பொருதார். நகர் வீழ்ந்ததும் இருவரும் தப்பியோடிப் பெயரை மாற்றிக்கொண்டு, எந்தப் படையை எதிர்த்தனரோ அந்தப் படையிலேயே சேர்ந்தனர். உயிர் பிழைக்க வேறு வழியில்லை. 1797இல் போர்க்களத்தில் அம்மகன் தந்தையின் அருகிலேயே மாண்டான். ஜக்கார்டு தனியே ஊர் திரும்பித் தறிகளோடு பொழுது போக்கலானார். அவர் புகழெல்லாம் அதன் பின்னர் வந்ததே. பாரீஸ் பொருட்காட்சியில் 1801இல் அவருடைய மிதிதறி ஒன்றுக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. மீன்வலை பின்னும் பொறியொன்றையும் செய்தமையின் 1803இல் அரசாங்கத்தார் அவரைப் பாரீஸுக்கு வருவித்துத் தொழிற்கலைக் கூடத்தில் அமர்த்தினர்.

அக்கூடத்தின் ஒரு மூலையில் வொகான்சோன் என்னும் பொறிவல்லார் 1745 அளவில் செய்த தறி தூசி படிந்து கிடந்தது. கயிறு இழுப்பவர் இன்றியே பூ நெய்யும் முயற்சி அது. அவருக்கும் முன்னரே 1725இல் பூஷோன் என்பார் துளையிட்ட காகிதச் சுருளையும், பின்னர் ஃபால்கோன் என்பார் துளையிட்ட அட்டைச் சங்கிலியையும் கையாண்டனர். ஜக்கார்டு இம்மூவர் கருத்தையும் ஒன்று சேர்த்து, 1804இல் தம் பொறியை முடித்தார். ஒன்றுமில்லாததிலிருந்து ஒன்றைப் படைத்தார் என்று புகழ்ந்தால் அது முன்னோரை மறப்பதாகும். முன்னோர் மூவர் விட்டுச்சென்ற துண்டுகளை நெசவாளரின் கண்ணோடு பார்த்துப் பொருத்தியதே அவர் செய்த அருஞ்செயல்.

பொறியின் இயல்பு இது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதனோடு சேர்ந்த கொக்கி தன்னிடத்தில் நிற்கும். மேலெழும் சட்டம் அக்கொக்கியைத் தூக்க, பாவிழையும் எழும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிட, கொக்கி விலகி, இழை கீழே தங்கும். நெய்பவர் மிதியை ஒருமுறை மிதித்தால் அட்டை ஒன்று நகரும். பூவின் உருவம் முழுதும் அட்டையில் இருத்தலால், பக்கத்தே நிற்கும் பிள்ளை வேண்டுவதில்லை.

1805ஆம் ஆண்டு ஏப்ரலில் நெப்போலியன் சக்கரவர்த்தி லியோனுக்கு வந்து இத்தறியைக் கண்டார். பொறியின் உரிமையை நகரத்துக்கு ஆக்கி, ஜக்கார்டுக்கு ஆயுள் முழுதும் ஆண்டுக்கு மூவாயிரம் பிராங்கும், விற்கும் தறி ஒவ்வொன்றுக்கும் சில ஆண்டுகள் வரை ஐம்பது பிராங்கும் தருமாறு கட்டளையிட்டார்.

ஊர் நெசவாளர் அவ்வாறு மகிழவில்லை. வொகான்சோனை 1744லேயே அவர்கள் எதிர்த்து எழுந்து விரட்டினர். அவர் துறவி வேடம் பூண்டு தப்பினார் என்பர். ஜக்கார்டின் தறிகளையும் உடைத்தனர், எரித்தனர், அவரையே தாக்கினர் என்று பழைய சரித்திரக்காரர் எழுதுகின்றனர். அவற்றுள் சில மிகைபடக் கூறியனவாகலாம். எரித்தவரை அறிவிலிகள் என்று சிலர் இகழ்வதை யாம் உடன்படோம். கயிறு இழுத்த பிள்ளையின் முதுகு நிமிர்ந்தது மெய். அப்பிள்ளை கொண்டுவந்த கூலியும் அவ்வீட்டிற்கு நின்றது மெய். இரண்டையும் ஒருங்கே எண்ணாதவர் தறி வைத்து வாழ்ந்தவர் ஆகார்.

முதலிற் செய்த பொறியில் குறைகள் இருந்தன. பிரெத்தோன் என்னும் கைவினைஞர் அவற்றைத் திருத்தியபின்பே அது எங்கும் பரவியது. அதன் உயரத்துக்கு ஏற்ப லியோனின் குவா ரூஸ் குன்றின்மேல் உயர்ந்த மேற்கூரையோடு நெசவாளர் வீடுகள் எழுந்தன. அவ்வீடுகளிலிருந்தே 1831 நவம்பரிலும் 1834 ஏப்ரலிலும் நெசவாளர் கிளர்ந்தெழுந்தனர். 1831இல் அவர்கள் கேட்டது பொறியை ஒழிக்க அன்று. நெய்த கூலிக்கு ஒரு நிலையான விகிதம் வேண்டினர். ஒப்புக்கொண்ட விகிதத்தை வியாபாரிகள் கொடாமற் போகவே எழுந்தனர். பொறி வந்தும் கூலி உயரவில்லை என்பதே அவர்கள் வழக்கு. ஜக்கார்டு அப்போது முதுமையுற்று, லியோனை அடுத்த ஊல்லேன் என்னும் ஊரில் வாழ்ந்திருந்தார். 1819இல் அரசாங்கம் அளித்த விருதுப்பட்டம் அவருக்கு இருந்தது. இரண்டாம் கிளர்ச்சி நிகழ்ந்த அதே ஆண்டில், ஆகஸ்டு 7ஆம் தேதி, அவர் உயிர் நீத்தார். 1840இல் லியோன் நகரத்தார் அவருக்குச் சிலை நிறுவினர்.

நம் நாட்டிலும் பழைய காலத்தில் தறியிலேயே கயிறு கட்டிப் பூ எடுக்கும் அடை என்னும் முறை இருந்தது. ஜக்கார்டு பெட்டி வந்தபின் அது காஞ்சிபுரத்தில் மெல்ல மறைந்தது. கோர்வைச் சேலையில் ஒரு கரைக்கு நாடா கோத்துக் கொடுக்கும் துணையாளைமட்டும் அப்பெட்டியால் நீக்க இயலவில்லை. அங்கு இன்றும் இரு மனிதர் கை வேண்டும்.

ஜக்கார்டு மறைந்து ஐந்தாண்டுகள் கழிந்தபின், லியோன் நெசவாளர் கார்க்கில்லா என்பார் அவர் உருவத்தைப் பட்டிலே நெய்தார். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. கண்டோர் பலர் அதைச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சிட்ட படம் என்றே மயங்கினர். இங்கிலாந்தில் கணக்கிடும் பொறி செய்ய முயன்ற பாபேஜ் என்னும் அறிஞர் அதில் ஒன்றைத் தம் வீட்டில் வைத்திருந்தார். அட்டையால் பூ எழுப்பலாமாயின் எண்ணையும் எழுப்பலாம் என்று துணிந்து, தம் பொறிக்கும் துளையிட்ட அட்டைகளை வகுத்தார். அப்படத்தில் ஜக்கார்டு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். மேசைமேல் சிறு தறி ஒன்று நிற்கிறது. கையிலுள்ள கவராயத்தால் அட்டைத் துளைகளை அளந்துகொண்டிருக்கிறார்.