மரத்தடி தந்த சங்கம்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் கிரிக்கெட் குழு சிதம்பரத்திற்குப் பக்கத்தில் ஓர் ஊருக்கு ஆடச் சென்றது. குழு என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கடலூரின் புறநகர்த் தெரு ஒன்றைச் சேர்ந்த பையன்கள் பதினான்கு பேர், இரண்டு மட்டைகள், ஒரே ஒரு ஜோடி கால்காப்பு. அவ்வளவுதான் எங்கள் சொத்து. உச்சி வேளையில் உணவுக்காக ஆட்டம் நின்றது. எங்களை அழைத்திருந்தவர்கள் தங்கள் பந்தலின் கீழே நாற்காலி போட்டு அமர்ந்து உண்டார்கள். எங்களைப் பந்தலுக்குள் வரும்படி ஒருவரும் சொல்லவில்லை. எல்லைக் கோட்டுக்கு அப்பால் ஒரு புங்கமரம் நின்றது. அதன் அடியில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரித்தோம். தண்ணீர்க் குடமும் பந்தலுக்குள்தான் இருந்தது. ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு வாங்கிக் குடித்தோம். அன்றைய ஆட்டத்தில் எத்தனை ஓட்டங்களில் தோற்றோம் என்பது மறந்துவிட்டது. அந்தப் புளிச்சோறு மட்டும் மறக்கவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் குழுவைக் கலைத்துவிடலாம் என்றே பேச்சு எழுந்தது. மறுவாரம் எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சென்னையில் இதே போல் மரத்தடியில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள், அவர்களுள் ஒருவர் என்ன செய்தார் என்று படித்துப் பார் என்று சொல்லி நூலகத்துக்கு அனுப்பி வைத்தார். அப்படிப் படித்தறிந்த ஒரு பெருமகனின் வாழ்க்கையைத்தான் மாணவத் தோழர்களுக்கு இங்கே சொல்ல விழைகிறேன். தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படும் புச்சி பாபு நாயுடு அவர்களே அவர்.

குண்டு அளந்த மண்

அவர் சென்னைக்காரர். கடலூருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது.

1690-ஆம் ஆண்டு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்ற கேள்வி வந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டு, குண்டு போய் விழும் தொலைவு வரை கம்பெனிக்குச் சொந்தம் என்று முடிவாயிற்று. அவ்வாறு அடங்கிய ஊர்கள் குண்டு கிராமங்கள் என்று பெயர் பெற்றன. இந்த மண்ணில் வெள்ளையர் எல்லைக் கோடு போட்ட வரலாறு அப்படித் தொடங்கியது.

அவர்களை அடுத்து வணிகர்கள் வந்தனர். அவர்களுள் ஒருவர் தாமஸ் பாரி. 1788-இல் சென்னையில் வணிகம் தொடங்கிய அவர், 1824-இல் நம் பரங்கிப்பேட்டையில் காலராவுக்குப் பலியாகிக் கடலூரில் அடக்கம் செய்யப்பட்டார். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைத் தெரிந்தவர்களுக்குப் பாரி கம்பெனியின் பெயரைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாரி கம்பெனிக்குத் துபாஷாக இருந்து பெரும் பொருள் ஈட்டியவர் மோதவரபு வெங்கடசாமி நாயுடு. துபாஷ் என்றால் இரு மொழி அறிந்தவர். வெள்ளைக்கார வணிகருக்கும் நம்மவருக்கும் நடுவே நின்று பேசி முடிப்பவர். அவருடைய பேரப்பிள்ளையே நம் நாயகர்.

லஸ் மாளிகைப் பிள்ளை

1868-ஆம் ஆண்டு பிறந்த அவருக்கு இட்ட பெயர் வெங்கடமகிபதி நாயுடு. புச்சி பாபு என்பது செல்லப் பெயர். அதுவே வரலாற்றில் நிலைத்துவிட்டது. மயிலாப்பூரில் லஸ் ஹவுஸ் என்னும் பெரிய தோட்ட மாளிகையில் வளர்ந்தார். செல்வக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பழக்க வழக்கங்களைக் கற்றுத்தர வெள்ளைக்கார மாதர்களைச் செவிலியராக அமர்த்தும் வழக்கம் அன்று இருந்தது. புச்சி பாபுவும் உடன்பிறந்தோரும் அவ்வாறே வளர்க்கப்பட்டனர். சேப்பாக்கத்துத் திடலில் துரைமார் வெள்ளை உடை அணிந்து பந்தாடுவதை வேடிக்கை பார்க்கும் வாய்ப்பு அவருக்குச் சிறு வயதிலேயே கிட்டியது. பார்த்த ஆட்டம் மனத்தில் பதிந்தது. தாமே மட்டையைக் கையில் எடுத்தார்.

செல்வர் வீட்டுப் பிள்ளை விளையாடினால் அதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. மேலே படித்தபோதுதான் எண்ணம் மாறியது.

பெவிலியனும் மரநிழலும்

சென்னைக் கிரிக்கெட் கிளப் 1846-இல் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்பவரால் தொடங்கப்பட்டது. 1865-இல் அது சேப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. அது முழுக்க முழுக்க வெள்ளையர் சங்கம். நம்மவர் அதில் உறுப்பினராக முடியாது. காலப்போக்கில் இந்திய இளைஞர்கள் அங்கே எதிரணியாக வந்து ஆடும் நிலை ஏற்பட்டது. ஆட்டக்களத்தில் இருபத்திரண்டு பேரும் ஒன்றாக நிற்பார்கள். ஒரே பந்து, ஒரே விதிகள். உணவு வேளை வந்தவுடன் கோடு விழுந்துவிடும். வெள்ளையர் பெவிலியனுக்குள் செல்வர். இந்தியர் மரநிழலில் உட்கார்ந்து உண்ண வேண்டும்.

பெவிலியனுக்குள் போகாதவனால் பந்து வீச முடியும், ஓட்டம் எடுக்கவும் முடியும். ஆயினும் ஆட்டம் முடியும்வரை மட்டுமே அவன் ஆட்டக்காரன். அதற்குப் பிறகு அவன் வெளியாள். இந்த அவமானத்தைப் புச்சி பாபுவின் நெஞ்சம் ஏற்கவில்லை.

சங்கம் கண்ட ஆண்டு

அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. செல்வாக்கு மிக்க குடும்பத்தவர் ஆதலால் துரைமாரை அண்டி, தமக்கு மட்டும் ஏதேனும் சலுகை பெற முயன்றிருக்கலாம். அல்லது வெறுத்துப்போய் மட்டையைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. 1888-ஆம் ஆண்டு, தமக்கு இருபது வயது நிரம்பும் காலத்தில், இந்தியர்களுக்கென்றே மெட்ராஸ் யுனைடெட் கிரிக்கெட் கிளப் என்னும் சங்கத்தைத் தொடங்கினார். ஜார்ஜ் டவுனை அடுத்த எஸ்பிளனேடு வெளியில் அதற்கு ஆடுகளம் அமைந்தது. பம்பாயில் பார்சிகள் 1848-லேயே சங்கம் கண்டு, 1886-இலும் 1888-இலும் இங்கிலாந்துக்கே சென்று ஆடினார்கள். தெற்கே நம்மவர்க்கு வழிகாட்டியாக எழுந்தது புச்சி பாபுவின் சங்கம்.

யுனைடெட் என்ற பெயரைக் கவனிக்க வேண்டும். ஒன்றுபட்டவர் என்பது அதன் பொருள். சாதியின் பெயராலோ, சமயத்தின் பெயராலோ, ஒரு பேட்டையின் பெயராலோ அவர் சங்கத்தை அழைக்கவில்லை. அதே காலத்தில் பம்பாயில் கிரிக்கெட் சமய வாரியாகப் பிரிந்து வளர்ந்ததை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். பார்சிகள் ஓர் அணி, இந்துக்கள் ஓர் அணி, முஸ்லிம்கள் ஓர் அணி என்று அங்கே ஆடினார்கள்.

சங்கத்துக்குப் பெயர் வைப்பது எளிது, நடத்துவது அரிது. தெருக்குழு நடத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கிரிக்கெட் செலவு மிகுந்த ஆட்டம். மட்டையும் பந்தும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரவேண்டிய காலம் அது. திறமை இருந்தும் வசதியற்ற இளைஞர்களைத் தேடிப் பிடித்து, மட்டை, கால்காப்பு, உடை ஆகியவற்றைத் தம் கைப்பொருளிலிருந்தே அவர் வாங்கிக் கொடுத்தார். தாமும் அவர்களோடு களத்தில் இறங்கி ஆடினார். கொடுத்துவிட்டு மேடையில் உட்காரும் வள்ளல் அல்லர் அவர். நம்மவர் ஆட்டம் துரைமார் ஆட்டத்துக்கு ஒரு மாற்றும் குறையக் கூடாது என்பதே அவர் எண்ணம். வெள்ளையர் உடுப்பை அணிந்து அவர்களைப் போலவே ஆடியதால் அவர் அவர்களைப் பின்பற்றியவர்தாமே என்று கூறுவோர் உண்டு. என் கருத்து வேறு. உடையைக் காரணம் காட்டி ஒதுக்குவோருக்கு அந்தக் காரணத்தை இல்லாமல் செய்தார். எஞ்சியது நிறம் ஒன்றே. நிறத்தைக் காரணமாகச் சொல்வதற்கு எவருக்கும் கூச்சம் வரும் அல்லவா?

அவரைப் பின்பற்றித் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் சங்கங்கள் எழுந்தன. அலுவலகம் செல்வோரும் கல்லூரி மாணவரும் மாலை நேரத்தில் ஆடிப் பழகினார்கள். பணம் வாங்காத, பொழுதுபோக்குக்காக ஆடிய அந்த ஆட்டக்காரர்களால்தான் சென்னையில் இந்த ஆட்டம் வேர் பிடித்தது.

சமமாக ஒரு பந்தயம்

தனிக் கூரை போட்டுக்கொண்டதோடு அவர் நின்றிருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. தம் சங்கம் வலுப்பெற்ற பின் மறுபடியும் சேப்பாக்கத்தை நோக்கித் திரும்பினார். கெஞ்சுவதற்காக அல்ல, பந்தயத்துக்கு அழைப்பதற்காக. இந்தியர் அணியும் ஐரோப்பியர் அணியும் ஆண்டுதோறும் சமமாக மோதும் பெரும் பந்தயம் ஒன்றை நடத்த வேண்டும் என்பது அவர் கனவு. வெள்ளையர் தரப்பில் பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜ் என்பவர் அதற்குத் துணை நின்றார். 1908-ஆம் ஆண்டின் இறுதியில் பந்தயம் நடத்துவதாக ஏற்பாடாயிற்று. இந்தியர் அணியைத் திரட்டும் பொறுப்பைப் புச்சி பாபு ஏற்று அல்லும் பகலும் உழைத்தார்.

விதி வேறு விதமாக எண்ணியது. பந்தயத்திற்குச் சில நாட்களே இருந்த நிலையில், 1908 டிசம்பரில் புச்சி பாபு காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பது. தாம் இருபது ஆண்டுகள் எண்ணி எண்ணிக் கட்டிய பந்தயத்தை அவர் கண்ணால் காணவில்லை. ஆனால் பந்தயம் நிற்கவில்லை. குறித்தபடியே நடந்தது. தலைவர் மறைந்தும் ஒரு குழு கலையாமல் களத்தில் இறங்கியது என்றால், அவர் கட்டியது எவ்வளவு உறுதியானது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

விதைத்தவர் போனார், விளைச்சல் நின்றது

1909-இல் அவர் பெயரால் போட்டி ஒன்று தொடங்கப்பட்டது. இடையிடையே நின்றும் மீண்டும் எழுந்தும் அது நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 2024-ஆம் ஆண்டில் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் ஆகிய ஊர்களில் அப்போட்டி நடைபெற்றது. அவர் கனவு கண்ட இந்தியர் - ஐரோப்பியர் பந்தயம் 1915-16 முதல் முதல்தர ஆட்டமாகி, பொங்கலை ஒட்டி நடந்ததால் பொங்கல் பந்தயம் என்றே மக்களால் அழைக்கப்பட்டு, 1952 வரை நடந்தது.

அவருடைய மைந்தர்கள் வெங்கடராமானுஜுலு, பாலையா, ராமசாமி மூவரும் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள். தாய்வழிப் பாட்டனார் குடும்பத்துக்குத் தத்துப் பிள்ளையாகச் சென்றதால் சி. ராமசாமி என்று வழங்கப்பட்டவர், 1922-இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-இல் தம் நாற்பதாம் வயதில் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் முதல் டெஸ்ட் ஆடி, முதல் ஆட்டத்திலேயே 40, 60 என ஓட்டங்கள் எடுத்தார்.

சேப்பாக்கம் என்ன ஆயிற்று? 1934 பிப்ரவரியில் அங்கே முதல் டெஸ்ட் பந்தயம் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் முதல் ரஞ்சிப் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னை அணி மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது. 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை அதே திடலில், அதுவும் இங்கிலாந்துக்கு எதிராக, இன்னிங்ஸ் வெற்றியாகவே பெற்றது. நம்மவர் மரத்தடியில் உட்கார்ந்து உண்ட அதே சேப்பாக்கத்தில்! புச்சி பாபு மறைந்து அப்போது 43 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் பந்தல்

இத்தனையும் படித்து முடித்து, எங்கள் புங்கமரத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டுக்கொண்டே இக்கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அப்போது இன்னொரு நாள் நினைவுக்கு வந்தது. எழுதவா, விடவா என்று இரண்டு நாள் தயங்கினேன். எழுதாவிட்டால் புச்சி பாபுவைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை.

சிதம்பரத்துப் பக்கம் போய் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடற்கரைக் குப்பத்துப் பையன்கள் சிலர் எங்களோடு ஆட வந்தார்கள். எங்களைவிட இளையவர்கள், காலில் செருப்புமில்லை. நாங்கள் மிதிவண்டிகளை நிறுத்தி, அவற்றின்மேல் தார்ப்பாய் கட்டி நிழல் செய்திருந்தோம். உணவு வேளையில் நாங்கள் அதன் கீழே உட்கார்ந்தோம். அவர்கள் கரையில் ஏற்றி வைத்திருந்த படகு ஒன்றின் நிழலில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களை அழைக்க வேண்டும் என்று எங்கள் பதினான்கு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்பது உண்மை. சிதம்பரத்துப் பக்கத்துக்காரர்களும் ஒருவேளை வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை அவர்கள் வந்தபோது தார்ப்பாயை நீட்டிக் கட்டினோம். தண்ணீர்க் குடத்தை நடுவில் வைத்தோம். எங்களில் இருவர் முணுமுணுத்தார்கள், பிறகு சரியாகிவிட்டார்கள். குப்பத்துப் பையன்கள் இருவர் இப்போது எங்கள் குழுவில் ஆடுகிறார்கள். குழு கலையவில்லை.

மாணவத் தோழர்களே! மட்டையும் பந்தும் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும். உள்ளே வா என்று ஒருவரை அழைக்கும் மனத்தை மனிதர்தாம் தர வேண்டும். மரத்தடியில் உட்கார்த்தி வைக்கப்பட்டவர், தாம் கட்டிய கூரையின் கீழே பிறரையும் அழைத்ததுதான் புச்சி பாபுவின் பெருமை. துறைக்குத் துறை, வகுப்புக்கு வகுப்பு நாம் ஆடப்போகும் போட்டிகளில் வெற்றி யாருக்கேனும் போகட்டும். உணவு வேளையில் யார் வெயிலில் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்போமாக!