மைனஸ் 9 வோல்ட் கடையில் கிடைக்குமா? அந்த ‘மைனஸ்’ஸுக்குப் பெயர் வைத்த பெஞ்சமின் பிராங்க்ளின் கதை

திருவிடைமருதூரில் ஒரு பாலிடெக்னிக் மாணவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாதஸ்வரத்துக்கு ஏற்ற சின்ன மைக் ப்ரீஆம்ப் ஒன்றை வீட்டிலேயே செய்ய ஆசை. டிஎல்072 என்ற ஆப்-ஆம்ப் ஐசி, கொஞ்சம் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாம் கும்பகோணம் போய் வாங்கியாச்சு. சர்க்யூட் படத்தைப் பார்த்தால் ஒரு முனையில் பிளஸ் 9 வோல்ட், நடுவில் கிரவுண்டு, இன்னொரு முனையில் மைனஸ் 9 வோல்ட். கடைக்காரரிடம் மைனஸ் 9 வோல்ட் பேட்டரி கேட்டால் சிரிப்பார். அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் சர்க்யூட்டுக்கு அது தேவை. மைக்கிலிருந்து வரும் சிக்னல் பூஜ்யத்துக்கு மேலேயும் கீழேயும் மாறி மாறிப் போய்வரும். பிளஸ் மட்டும் கொடுத்தால் கீழ்ப் பாதிக்குப் போக இடமில்லை, நாதஸ்வரம் கரகரக்கும். ஒற்றை பேட்டரியிலேயே சமாளிக்கும் வழிகளும் உண்டு. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி: மைனஸ் வோல்ட் என்றால் என்ன?

இதற்கான பதிலைக் கண்டுபிடித்தவர் எலக்ட்ரானிக்ஸ் என்ற சொல்லே இல்லாத காலத்து மனிதர். அமெரிக்காவின் நூறு டாலர் நோட்டில் சிரிக்காமல் பார்க்கும் அந்த முகம்தான்.

இரண்டு வருடப் பள்ளிப் படிப்பு

பெஞ்சமின் பிராங்க்ளின் பிறந்தது 1706 ஜனவரி 17, பாஸ்டன் நகரில். அப்பா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்பவர். வீட்டில் மொத்தம் 17 பிள்ளைகள், இவர் 15ஆவது. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அண்ணனோடு ஒத்துப்போகவில்லை. 17 வயதில் சொல்லாமல் கிளம்பி பிலடெல்பியா போய்விட்டார். அங்கே சொந்த அச்சகம், செய்தித்தாள், பஞ்சாங்கம் என்று நன்றாகச் சம்பாதித்தார். 42 வயதில், 1748ல், தினசரித் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். இன்றைய ஐடி ஆட்கள் கனவு காணும் ‘எர்லி ரிட்டயர்மென்ட்’ இதுதான்!

அதற்கு முன்பே மின்சாரப் பித்து பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் மின்சாரம் என்பது ஒரு வேடிக்கை. கண்ணாடிக் குழாயைத் தேய்த்து, பொறி கிளப்பி, கூட்டத்தை வாய் பிளக்க வைப்பார்கள். லண்டனிலிருந்து பீட்டர் காலின்சன் என்ற வணிகர் பிலடெல்பியா நூலகத்துக்கு அப்படி ஒரு கண்ணாடிக் குழாயை அனுப்பினார். பிராங்க்ளின் அதைக் கீழே வைக்கவே இல்லை.

மெழுகின் மேல் நின்ற இருவர்

மின்சாரத்தில் இரண்டு வகை உண்டு என்று பிரான்ஸின் டு ஃபே 1733ல் சொல்லியிருந்தார். கண்ணாடியைத் தேய்த்தால் ஒன்று, பிசினைத் தேய்த்தால் வேறொன்று. பிராங்க்ளின் இதை ஏற்கவில்லை. அதற்கு அவர் 1747ல் காலின்சனுக்கு எழுதிய சோதனை ரொம்ப எளிமையானது.

மூன்று பேர். முதல் ஆள் மெழுகின் மேல் நிற்கிறார். அதனால் தரையோடு தொடர்பில்லை. அவர் கண்ணாடிக் குழாயைத் தேய்க்கிறார். இரண்டாவது ஆளும் மெழுகின் மேல்தான். அவர் அந்தக் குழாயிலிருந்து மின்சாரத்தை விரலால் வாங்கிக்கொள்கிறார். மூன்றாவது ஆள் வெறும் தரையில் நிற்கிறார். தரையில் நிற்பவர் முதல் ஆளைத் தொட்டால் பொறி. இரண்டாவது ஆளைத் தொட்டாலும் பொறி. மெழுகின் மேல் நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் தொட்டாலோ, இன்னும் பெரிய பொறி! அதன் பிறகு இருவரிடமும் ஒன்றுமில்லை.

பிராங்க்ளின் போட்ட கணக்கு இது. யாரும் மின்சாரத்தை உண்டாக்கவில்லை. ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் சேர்த்திருக்கிறார்கள். சேர்ந்தவர் பிளஸ், இழந்தவர் மைனஸ், தரையில் நிற்பவர் பூஜ்யம். கடைக் கணக்கில் வரவு செலவு எழுதிப் பழகிய மனிதருக்கு இது சட்டென்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

இப்போது நம் மாணவரின் மேஜைக்கு வாருங்கள். இரண்டு சாதாரண 9 வோல்ட் பேட்டரி. ஒன்றின் மைனஸை இன்னொன்றின் பிளஸோடு இணைத்து, அந்தச் சந்திப்பைக் கிரவுண்டு என்று வைத்துக்கொண்டால் போதும். மிச்சமிருக்கும் ஒரு முனை பிளஸ் 9, மறு முனை மைனஸ் 9, இரண்டுக்கும் இடையே 18. மெழுகின் மேல் நின்ற அதே இருவர், தரையில் நின்ற அதே மூன்றாம் ஆள்!

ஜாடியிலிருந்து ஐசி வரை

ஒரே பேட்டரியை வைத்து மைனஸ் எடுக்க வேண்டுமென்றால்? அங்கேயும் பிராங்க்ளின்தான் முன்னால் நிற்கிறார். மின்சாரத்தைச் சேமிக்கும் லைடன் ஜாடி 1740களின் நடுவில் ஐரோப்பாவில் வந்தது. இன்றைய கெப்பாசிட்டரின் தாத்தா. ஜாடியின் உள்பக்கம் எவ்வளவு சேர்கிறதோ, வெளிப்பக்கம் அவ்வளவே குறைகிறது என்று பிராங்க்ளின் காட்டினார். ஒரு ஜாடியின் வெளிப்பக்கத்திலிருந்து வெளியேறுவதை வைத்தே அடுத்த ஜாடியை நிரப்பலாம் என்றும் கண்டார். 11 கண்ணாடிப் பலகைகளின் இரு பக்கமும் ஈயத் தகடு வைத்து வரிசையாக இணைத்தார். அந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர்தான் பேட்டரி.

ஐசிஎல்7660 என்ற எட்டுக்கால் ஐசி செய்வதும் இந்த ஜாடி வித்தைதான். ஒரு கெப்பாசிட்டரை 9 வோல்ட்டுக்கு நிரப்பும். உடனே அதன் பிளஸ் முனையைக் கிரவுண்டோடு இணைத்துவிடும். பிளஸ் முனை பூஜ்யத்துக்கு இறங்கினால், மறு முனை பூஜ்யத்துக்கும் கீழே 9 வோல்ட் போயாக வேண்டும். அதை இரண்டாவது கெப்பாசிட்டரில் கொட்டும். இதையே நொடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும். சில மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் வோல்டேஜ் தொய்யும். ஆப்-ஆம்ப் ஒன்றுக்கு அது போதும். கிட்டத்தட்ட 10 கிலோஹெர்ட்ஸில் ஓடுவதால் ஆடியோவில் மெல்லிய கீச்சொலி கேட்கலாம். வெளியேறும் பக்கத்துக் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டில்தான் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். மாற்றி வைத்தால் கெப்பாசிட்டர் வெடிக்கும்.

பிராங்க்ளினும் சறுக்கியவர்தான். 1750 கிறிஸ்துமஸ் சமயத்தில் இரண்டு பெரிய ஜாடிகளின் மின்சாரத்தால் ஒரு வான்கோழியைக் கொல்லப் போய், ஷாக்கைத் தானே வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் சுயநினைவே இல்லை.

மேகமும் மைனஸ்

பட்டம் விட்ட கதை எல்லோருக்கும் தெரியும். 1752ல் நடந்த அந்தச் சோதனையில் பட்டத்தின் மேல் இடி விழவில்லை. விழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அடுத்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மான் என்ற விஞ்ஞானி இதேபோன்ற சோதனையில் மின்னல் தாக்கி இறந்தார். பட்டத்தைவிடச் சுவாரசியமானது அதற்குப் பிறகு நடந்தது. பிராங்க்ளின் தன் வீட்டு மேலே இரும்புக் கம்பி நட்டு, மேகத்தில் இருப்பது பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று 1753ல் சோதித்தார். பெரும்பாலும் மைனஸ், எப்போதாவது பிளஸ். இன்றைய அறிவியலும் அதையேதான் சொல்கிறது. ஐப்பசி மழையில் டெல்டா வயல்களில் இறங்கும் மின்னலிலும் பெரும்பாலானவை மைனஸ் மின்சாரத்தைத்தான் கொண்டுவருகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஊகம் தவறிவிட்டது. தேய்த்த கண்ணாடியில் ஏதோ சேர்கிறது என்று நினைத்து அதைப் பிளஸ் என்றார். 1897ல் ஜே.ஜே.தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தபோது உண்மை தெரிந்தது. கண்ணாடி பெறவில்லை, இழந்திருக்கிறது. அதற்குள் 150 ஆண்டுகள் ஓடிவிட்டதால் யாரும் குறியை மாற்றவில்லை. பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குக் கரன்ட் போவதாக நாம் அம்புக்குறி போடுகிறோம். கம்பிக்குள் எலக்ட்ரான்கள் எதிர்த்திசையில் போகின்றன.

கடைசி வருடங்கள்

பிறகு அரசியல் அவரை விழுங்கியது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து, பிரான்ஸில் தூதர், அரசியல் சாசன மாநாடு. அடிமைகளை வைத்திருந்தவர் என்ற கறையும் உண்டு. முதுமையில் மனம் மாறி, அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். ஒழிக்கக் கோரி 1790ல் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பினார். அதே ஆண்டு ஏப்ரல் 17ல், 84 வயதில் இறந்தார்.

அப்போது தஞ்சையின் இரண்டாம் சரபோஜிக்கு 12 வயது. பின்னாளில் மன்னரான அவர், ஐரோப்பியக் கருவிகளை வாங்கிக் குவித்தார். 1826ல் பிஷப் ஹீபரோடு தஞ்சை வந்த தாமஸ் ராபின்சன், அரண்மனையில் பார்த்தவற்றைப் பட்டியலிட்டிருக்கிறார். தந்தத்தில் செய்த எலும்புக்கூடு, காற்றை வெளியேற்றும் பம்பு, கூடவே ஒரு மின்சார இயந்திரம்.

அந்தக் கால மின்சார இயந்திரங்களில் பொதுவாகச் சுழலும் கண்ணாடி ஒன்று இருக்கும். அதைத் தேய்க்கும் திண்டைத் தரையோடு இணைத்தால் எதிர்ப்பக்க உலோகத்தில் பிளஸ் கிடைக்கும். உலோகத்தைத் தரையோடு இணைத்துவிட்டு, தரையைத் தொடாத திண்டிலிருந்து எடுத்தால் மைனஸ். இயந்திரம் அதேதான், சுற்றுவதும் அதே கைதான். எந்தப் பக்கத்தைத் தரையில் சேர்க்கிறோம் என்பது மட்டும்தான் வேறு.