காட்டைக் காத்த வேட்டைக்காரர்

வேட்டைக்காரர் என்றதும், செத்த புலியின் மீது கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்ட ஜமீன்தார்களும் வெள்ளைத் துரைமார்களுமே நம் நினைவுக்கு வருவர். கென்னத் ஆண்டர்சன் அந்த வரிசையில் அடங்காதவர். ஆதலால்தான் அவர் வரலாற்றை எழுத விழைந்தேன்.

ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்த ஆண்டர்சன், பெங்களூரில் படித்து, அங்குள்ள விமானத் தொழிற்சாலையில் பணியாற்றினார். விடுமுறை கிடைத்தால் போதும். சவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் காடுகளே அவருக்கு வீடு. சின்னாற்றுப் பகுதியில் வாழ்ந்த பைரா என்னும் பழங்குடி மனிதர் அவருக்கு உற்ற தோழர்.

இளமையில் வேட்டை மோகம் அவரையும் ஆட்கொண்டதுண்டு. ஆனால் அவர் புகழுக்குக் காரணம் ஆட்கொல்லி விலங்குகளே. 1939 முதல் 1966 வரை 8 சிறுத்தைகளையும் 7 புலிகளையும் அவர் வீழ்த்தியதாகக் கணக்குண்டு. பழைய வடஆர்க்காடு மாவட்டத்து ஏலகிரி மலைச் சிறுத்தையும் அவர் எழுத்தில் இடம்பெற்றுள்ளது. வேங்கிக்காலில் வாழும் எனக்கு ஏலகிரி அயலூர் அன்று. அதனால் அக்கதை என்னை மிகவும் ஈர்த்தது.

விலங்கு ஏன் மனிதனைத் தின்னத் தொடங்கியது என்று அவர் ஆராய்ந்தார். திருட்டு வேட்டைக்காரனின் குண்டுக் காயம், முள்ளம்பன்றியின் முள், முதுமை ஆகியவற்றால் ஓடும் மானைப் பிடிக்க இயலாத விலங்கே எளிய இரையாகிய மனிதனை நாடுகிறது. அப்படியானால் முதற்குற்றவாளி பல நேரங்களில் மனிதனே அல்லவா?

ஓர் ஆட்கொல்லி உலவினால் ஊரார் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் அஞ்சுவர். சினம் மிகுந்தால் இறைச்சியில் நஞ்சு வைப்பர். குற்றமற்ற விலங்குகள் பல மடியும். எனவே, காலடித் தடம் பார்த்து, இரவெல்லாம் மரத்தின் மேல் விழித்திருந்து, உரிய விலங்கை மட்டும் வீழ்த்துவது மக்களையும் காக்கும், காட்டையும் காக்கும். இதுவே பொறுப்புள்ள வேட்டை என்பது என் கருத்து.

பிற்காலத்தில் துப்பாக்கியினும் கேமராவையே அவர் பெரிதும் விரும்பினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. 1974-இல் ஆண்டர்சன் மறைந்தார். இன்று, மனித உயிருக்கு ஆபத்தான புலியையும் பிடிக்கவோ மயக்கவோ இடம் மாற்றவோ முடியாதபோதுதான், தலைமை வனவிலங்குக் காப்பாளர் எழுத்து மூலம் ஆணையிட்டுக் கொல்ல இயலும்.

அவர் திரிந்த காடுகளில் ஒரு பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தில் சேர்ந்தது. நமக்கு அருகிலுள்ள சவ்வாது மலைக் காடுகளுக்குச் செல்லும் நண்பர்களே, நம் கையில் துப்பாக்கி வேண்டா. ஆண்டர்சனின் கூர்ந்த கண்ணும் இரக்க நெஞ்சும் போதும்.